இரண்டு யானைகள், ஒரு பழங்கயிறு

கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பழகிய வீடுகளில் கயிறு அறுகிற நாள் திடீரென்று வருவதில்லை. முதலில் தேங்காய் நார்க் கயிற்றின் மேல் பூனைமுடி மாதிரி சின்னச் சின்ன நார்கள் சிலிர்த்து நிற்கும். ராட்டினத்தில் தினமும் உராய்கிற இடம் மட்டும் மெலிந்து, பழுப்பு நிறம் போய் வெளுக்கும். பிறகு மூன்று புரிகளில் ஒன்று முறுக்குத் தளர்ந்து வெளியே பிதுங்கும். "புரி விட்டுப்போச்சு, பாத்து இழு" என்று வீட்டில் பெரியவர்கள் எச்சரிப்பது அப்போதுதான். அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு இன்னும் சில வாரம் ஓட்டுவார்கள். முடிச்சு ராட்டினத்தில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒருநாள் நிறைகுடம் மேலே வரும் வழியிலேயே கை லேசாகிவிடும். அப்புறம் பக்கத்து வீட்டில் பாதாளக்கரண்டி இருக்கிறதா என்று கேட்டு ஓட வேண்டியதுதான்.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்க் கவிஞர் இப்படிப் புரி தேய்ந்த ஒரு பழைய கயிற்றை உற்றுப் பார்த்திருக்கிறார். அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு ஆண் யானைகளை நிறுத்தி எதிரெதிராக இழுக்க வைத்தார். அந்தக் கயிறுதான் நம் உடம்பு என்று எழுதினார். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் அந்தக் கயிற்றையே பெயராக்கி, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அழைத்துவிட்டார்கள்.

நற்றிணை, 284ஆம் பாட்டு. பாலைத் திணை.

பெயர் தெரியாத கவிஞர்களுக்கு அவர்களின் உவமையையே பெயராகச் சூட்டும் வழக்கம் சங்கத் தொகைகளில் உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார் என்று அந்த வரிசை நீளும். செம்மண்ணில் விழுந்த மழைநீரும், ஆளில்லாத முற்றத்தில் விளையாடும் அணிலும், பாறையில் மோதிக் கரையும் நுரையும் பேராகிவிட்டன. அந்த வரிசையில் இவருக்கு மட்டும் இற்றுப்போன ஒரு கயிறு வாய்த்தது. அதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது.

பாட்டின் சூழலை அடிக்குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. பொருள் தேடிப் போன தலைவன், வேலை இன்னும் முடியாமல் இருக்கும்போது, பிரிவைத் தாங்க முடியாமல் சொன்னது இது. இந்தச் சூழலைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அவன் வீட்டு வாசலில் நின்று போகலாமா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. போயாகிவிட்டது. காட்டைக் கடந்தாகிவிட்டது. வேலையில் பாதியும் ஆகிவிட்டது. அந்த நடுவழியில் நின்றுதான் பேசுகிறான்.

அவன் பேசுவதன் சாரம் இதுதான். முதுகில் சரிந்து இருண்டு கிடக்கும் கூந்தல், பூவின் நிறம் ஏறிய ஈர இமைகள், மை தீட்டிய கண்கள். தன் உள்ளத்தைக் கட்டி வைத்திருக்கும் அந்தப் பெண்ணிடம் போவோம், துயரத்தைத் தீர்ப்போம் என்கிறது நெஞ்சம். எடுத்த வேலையை முடிக்காமல் பாதியில் விட்டுப் போவது அறியாமை, அதோடு இழிவும் வந்து சேரும், கொஞ்சம் பொறு, ரொம்ப அவசரப்படாதே என்கிறது அறிவு. இந்த இரண்டுக்கும் நடுவே, ஒளிரும் தந்தங்களை ஏந்திய யானைகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் புரி தேய்ந்த பழங்கயிறு போல, வருந்திப்போன என் உடம்பு அழிந்தே போய்விடுமோ?

அவ்வளவுதான் பாட்டு. கேள்வியோடு முடிந்துவிடுகிறது. அவன் திரும்பி வந்தானா, வேலையை முடித்தானா என்று பாட்டு சொல்வதில்லை.

வகுப்பறைகளில் இந்தப் பாட்டுக்கு ஒரு சுருக்கமான விளக்கம் கிடைக்கும். உணர்ச்சிக்கும் கடமைக்கும் நடக்கும் போராட்டம் என்பார்கள். நெஞ்சம் காதல் பக்கம், அறிவு கடமைப் பக்கம், தலைவன் நடுவில். தேர்வுக்கு இது போதும். ஆனால் பாட்டை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் அந்த விளக்கம் பல இடங்களில் ஒட்டாமல் நிற்கிறது.

முதலில் அடிகளை எண்ணிப் பார்க்கலாம். மொத்தம் பதினொன்று. முதல் நாலடி நெஞ்சத்துக்கு. அடுத்த நாலடி அறிவுக்கு. அந்த எட்டாவது அடி முடிகிற இடத்தில் 'இவற்றுக்கு நடுவே' என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல். மிச்சமுள்ள மூன்றடிதான் யானைக்கும் கயிற்றுக்கும் உடம்புக்கும். இரண்டு பக்கத்துக்கும் சமமாக அளந்து கொடுத்திருக்கிறார் கவிஞர். எந்த யானைக்கும் கூடுதலாக ஒரு பிடி கவளம் இல்லை.

இன்னொன்று, செவிக்குத் தெரிகிற நுட்பம். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி மட்டும் மூன்று சீரோடு குறுகி நிற்க வேண்டும். மற்ற அடிகளெல்லாம் நான்கு சீர். இந்தப் பாட்டில் அந்தக் குறுகிய அடி எதற்குக் கிடைத்திருக்கிறது? கயிற்றுக்கு. யானைகள் முழு அடியில் கம்பீரமாக நிற்கின்றன; தேய்ந்த கயிறு தேய்ந்த அடியில் வருகிறது. ஒரு சீர் குறைகிற அந்த இடத்தில் குரல் தானாகவே கொஞ்சம் தளர்கிறது. இலக்கணம் கட்டாயப்படுத்திய இடத்தையே பொருளுக்கு வாகாக மாற்றிக்கொண்ட கைத்திறன் அது. வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது அகப்படாது.

அடுத்து, இரண்டு குரல்களும் பேசும் முறை. நெஞ்சம் பன்மையில் பேசுகிறது. தீர்ப்போம், போவோம் என்று அவனையும் சேர்த்துக்கொள்கிறது. தோளில் கைபோட்டுக் கூப்பிடும் கூட்டாளியின் பேச்சு. காரணம் எதுவும் சொல்வதில்லை. துன்பத்தைக் குறிக்க அது எடுத்த சொல்லும், போகலாம் என்பதற்கு எடுத்த சொல்லும் ஒரே ஓசையில் தொடங்குகின்றன. துன்பம் என்று சொன்ன மூச்சிலேயே கிளம்பிவிட்டது மாதிரி இருக்கும் கேட்பதற்கு. அது யாருடைய துன்பம், அவளுடையதா அவனுடையதா என்று பாட்டு பிரித்துச் சொல்வதில்லை. பிரிக்கத் தேவையில்லை என்பதுதான் அந்த இடத்தின் அழகு.

அறிவோ ஒருமையில் பேசுகிறது. அவசரப்படாதே என்று அவனைத் தனியாக நிறுத்திச் சொல்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் குரல் அது. பேசும் முன் எடை போடுகிறது. பழந்தமிழில் 'தூக்குதல்' என்றால் தராசைத் தூக்கி நிறை பார்ப்பது. உடனே அடுத்த சொல்லாக 'தூங்குதல்' வருகிறது. இன்று கண் மூடி உறங்குவது என்ற பொருள் மட்டும் நம்மிடம் தங்கிவிட்ட அந்தச் சொல்லுக்கு அன்று தொங்குதல், அசைதல், தாமதித்தல் என்ற பொருள்கள் இருந்தன. திருக்குறளிலும் நிதானமாகச் செய்ய வேண்டியதைச் சொல்லும் இடத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. தராசைத் தூக்கிப் பிடித்தாகிவிட்டது, முள் நிற்கவில்லை, தட்டுகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. அறிவு இப்படி ஆடி அசைந்து நிதானமாகத்தான் வாயைத் திறக்கிறது.

வாயைத் திறந்து அது சொல்வதும் கவனிக்க வேண்டியது. போகாதே என்று அது சொல்லவே இல்லை. கொஞ்சம் பொறு என்றுதான் சொல்கிறது. அவளிடம் திரும்பிப் போக வேண்டும் என்பதில் அறிவுக்கும் மறுப்பில்லை. இன்றைக்கா, வேலை முடிந்த பிறகா என்பதுதான் வழக்கு. இரண்டு குரலும் போய்ச்சேர நினைப்பது ஒரே வீட்டுக்குத்தான். அப்படியிருந்தும் அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு மனிதன் கிழிந்துபோகிறான். வாழ்க்கையில் கடினமான முடிவுகள் பலவும் இந்த மாதிரிதான் வந்து நிற்கின்றன; நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே நிற்பதாக இருந்தால் எவரும் இரவெல்லாம் விழித்திருக்க மாட்டார்கள்.

அறிவு காட்டும் காரணங்கள் இரண்டு: அறியாமை, இழிவு. முதலாவது அவனைப் பற்றியது. இரண்டாவது ஊரைப் பற்றியது. பாதியில் ஓடிவந்துவிட்டான் என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கூச்சம் அதில் ஒளிந்திருக்கிறது. வள்ளுவரும் இதைச் சொன்னவர்தான். செயலைக் குறையாக விட்டவரை உலகம் கைவிட்டுவிடும் என்று ஆள்வினையுடைமை அதிகாரத்தில் எச்சரிக்கிறார். ஆக, அறிவு வெறும் கணக்குப் பார்ப்பதில்லை. அதற்குள்ளும் ஓர் அச்சம் இருக்கிறது. நெஞ்சமும் வெறும் ஆசையைப் பேசவில்லை. ஒருவரின் துயரத்தைத் தீர்ப்பது கடமை இல்லையா என்ன? உணர்ச்சி ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம் என்று பங்கு பிரித்த விளக்கம் இங்கேதான் முறிகிறது. இரண்டு பக்கத்திலும் கடமை இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் அன்பு இருக்கிறது. இரண்டும் யானைகள்.

அவன் பொருள் தேடப் போனதே யாருக்காக? இல்லாதவனுக்கு ஈகையும் இல்லை, இன்பமும் இல்லை என்ற எண்ணம் குறுந்தொகைத் தலைவர்களைப் பாடாய்ப்படுத்துகிறது. குறுந்தொகை 63ஆம் பாட்டில் அதை நினைத்து நினைத்து வேலைக்குத் துடிக்கும் நெஞ்சிடம் தலைவன் ஒன்று கேட்கிறான்: சரி, அந்த வேலைக்கு அவளும் கூட வருவாளா, சொல். அந்தக் கேள்விக்கு நெஞ்சிடம் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

வள்ளுவரிடம் இந்த இரண்டு குரல்களும் தனித்தனி வீடுகளில் குடியிருக்கின்றன. தொடங்கிய வேலையை முடி என்ற குரல் பொருட்பாலில் இருக்கிறது. பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறளில் தலைவி கேட்பது இன்பத்துப்பாலில். போவதில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதையெல்லாம் அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்று அவள் வெட்டிப் பேசுகிறாள். படிப்பவர் ஒரு பாலை மூடிவிட்டு இன்னொரு பாலைத் திறந்துகொள்ளலாம். நற்றிணைத் தலைவனுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு பாலும் அவன் ஒருவனுடைய உடம்புக்குள் ஒரே நேரத்தில் பேசுகின்றன.

சங்கப் பாடல்களில் பொருள் தேடிப் போகிற இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பாட்டு உண்டு. கிளம்பும் முன் தயங்கி, போகவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். நற்றிணை 16ஆம் பாட்டின் தலைவன் நிலைமையைக் கச்சிதமாக வைக்கிறான்: இவளோடு இருந்தால் பொருள் சேராது, பொருளுக்குப் போனால் இவள் சேர மாட்டாள். கடல் சூழ்ந்த உலகத்தையே அளவுப் பாத்திரமாக்கி ஏழு முறை அளந்து கொடுத்தாலும் அந்தச் செல்வம் எனக்கு வேண்டாம், அவள் பார்வை போதும் என்று முடித்துவிடுகிறான். பட்டினப்பாலைத் தலைவன் இன்னும் ஒருபடி மேலே போகிறான். 301 அடிகளில் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தையும் கரிகாலனின் வீரத்தையும் விரித்துக் காட்டிவிட்டு, அந்த ஊரே கிடைப்பதானாலும் இவளை விட்டு வர மாட்டேன் என்கிறான்.

வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறவனுக்கும் பாட்டு இருக்கிறது. குறுந்தொகை 131இல் ஓரேருழவனார் ஓர் உழவனைக் காட்டுகிறார். நிலம் ஈரமாக இருக்கிறது, பெரிய நிலம், கையில் இருப்பதோ ஒற்றை ஏர். காய்வதற்குள் உழுதாக வேண்டும். அந்த உழவனின் பரபரப்பு தன் நெஞ்சில் இருக்கிறது என்கிறான் வீடு திரும்பும் தலைவன். முடிவெடுத்தாகிவிட்டது, தூரம்தான் பாக்கி. அங்கே வேதனை இருந்தாலும் குழப்பம் இல்லை.

அதே ஓரேருழவனார் புறநானூற்று 193ஆம் பாட்டில் வேறொரு மனிதனைப் படம்பிடிக்கிறார். உரித்த தோலை விரித்துப் போட்டது போல் வெளுத்துக் கிடக்கும் களர்நிலம், அதில் ஒருவன் விரட்ட ஓடும் மான். அந்த மானைப் போல ஓடித் தப்பித்துவிடலாம்தான், ஆனால் சுற்றமும் குடும்பமுமான வாழ்க்கை காலைக் கட்டுகிறது என்று பெருமூச்சு விடுகிறது பாட்டு. அந்த மனிதனுக்குக் கால் கட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஓடும் திசை எது என்பது தெரிகிறது.

தேய்புரிப் பழங்கயிற்றினாரின் தலைவனுக்கு மட்டும்தான் திசையே இரண்டாக இருக்கிறது. கிளம்பும் முன் இருப்பவனுக்குத் தங்கிவிடலாம் என்ற வழி உண்டு. முடித்தவனுக்கு ஓடி வரலாம் என்ற வழி உண்டு. நடுவில் மாட்டியவனுக்கு எந்த வழியில் போனாலும் ஒரு நஷ்டம் நிச்சயம். இந்த நடுவழியைப் பாடியதுதான் இந்தக் கவிஞரின் பெரிய சாதனை.

இன்றைக்கு இந்தப் பாட்டுக்கு உயிரோடு இருக்கும் உரை வேண்டுமானால் வளைகுடா நாட்டில் ஏதாவது ஒரு தொழிலாளர் குடியிருப்பில், இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் கேட்கலாம். கட்டடவேலைக்குப் போன ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஊர் ராமநாதபுரம் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷ ஒப்பந்தம். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம் பாதி அடைந்திருக்கிறது. மனைவியின் நகை அடகுக் கடையில். பதினாலு மாதம் முடிந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது பிறக்காத குழந்தை இப்போது கைபேசித் திரையில் நிற்க முயற்சி செய்கிறது.

"என்னங்க, பாப்பா கையை விட்டுட்டு நிக்கிறா பாருங்க. போதும், வந்துடுங்க" என்கிறாள் மனைவி. கொஞ்ச நேரம் இருவரும் பேசுவதில்லை. அப்புறம் அவளே சொல்கிறாள்: "அந்த நகையை மட்டும் மீட்டுட்டு வந்துடுங்க."

இரண்டு யானைகளும் அந்த ஒரே குரலில் இருக்கின்றன. மேல்கட்டிலில் படுத்திருக்கும் கூட்டாளி தலையை நீட்டி, "இன்னும் பத்து மாசம்தானேடா, முடிச்சுட்டுப் போ. பாதியில போனா டிக்கெட்டும் உன் காசு, ஊர்லயும் ஒரு மாதிரி பேசுவாங்க" என்கிறான். அறியாமை, இழிவு. அறிவு அன்று சொன்ன அதே இரண்டு காரணங்கள், அதே வரிசையில்.

இந்த மனிதருக்கு யார் என்ன புத்தி சொல்ல முடியும்? வா என்று சொல்வதும் எளிது, இரு என்று சொல்வதும் எளிது. அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போவார். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. சம வலிமையுள்ள இரண்டு யானைகள் இழுக்கும் கயிறு அசையாமல், நேராக, இறுக்கமாக நிற்கும். தளர்ந்து கிடக்கும்போது கோணல்மாணலாகத் தெரிந்த கயிறு அப்போதுதான் மிக ஒழுங்காகத் தெரியும். உள்ளே ஒவ்வொரு நாராக அறுந்துகொண்டிருப்பது கிட்டப் போய்க் காதை வைத்தால்தான் கேட்கும்.

கவிஞர் கடைசியில் உடம்பைச் சொல்வது இதனால்தான் என்று தோன்றுகிறது. அகப்பாடல்களில் உயிர் போய்விடும் என்று சொல்வது வழக்கம். அது கொஞ்சம் அழகான மிகை. இவர் உயிர் என்று சொல்லாமல் உடம்பு என்று சொல்கிறார். அதுவும் ஏற்கெனவே வருந்திப்போன உடம்பு. கயிறும் புதுக் கயிறு இல்லை, பழையது, புரி தேய்ந்தது. இதற்கு முன்னும் எத்தனையோ முறை இழுபட்ட கயிறு. இந்த மனிதன் முதல் தடவையாகத் தவிக்கவில்லை; பல இரவுகள் இப்படிப் போயிருக்கின்றன என்று அந்த இரண்டு அடைமொழிகளும் சொல்லிவிடுகின்றன.

நெஞ்சம் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம் என்று விவாதம் நடக்கும்போது, அந்த விவாதம் நடக்கும் இடம் எது என்று யாரும் கேட்பதில்லை. தூக்கம் போவதும், சோறு இறங்காமல் இருப்பதும், காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பதும் அந்த இடத்தில்தான். "யோசிச்சு யோசிச்சு உடம்பைக் கெடுத்துக்காதே" என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் வாய்வார்த்தை இல்லை. முடிவெடுக்க முடியாமல் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு, அதை உடம்பு கட்டுகிறது. இதைச் சங்க காலத்திலேயே ஒருவர் இத்தனை துல்லியமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்பது உண்மையாகவே வியக்க வைக்கிறது.

வாழ்க்கையில் வழி தேர்ந்தெடுப்பதைப் பற்றிய கவிதை என்றால் இன்றைய மாணவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் 'தி ரோட் நாட் டேக்கன்'. சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருந்த கவிதை. காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரிகிறது, பயணி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். அதைத் துணிச்சலின் கீதமாக மேடைகளில் சொல்கிறார்கள். கவிதையைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன என்று பயணியே ஒப்புக்கொள்வது தெரியும். ஃப்ராஸ்ட் இங்கிலாந்தில் இருந்தபோது எட்வர்ட் தாமஸ் என்ற எழுத்தாள நண்பரோடு கிராமப்புறத்தில் நீண்ட நடை போவார். எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று தாமஸ் வருந்துவார். அந்தப் பழக்கம்தான் கவிதைக்கு வித்து. தாமஸ் 1915 ஜூலையில் படையில் சேர்ந்தார். 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்சில் அராஸ் போர்க்களத்தில் இறந்தார்.

ஃப்ராஸ்ட்டின் பயணி கிளையில் நிற்கிறான். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றில் கால் வைக்கிறான். வருத்தம் பிற்பாடு, வயதான காலத்தில் பெருமூச்சாக வரும். நம் தலைவன் பாதையில் பாதி தூரம் போனபின் நிற்கிறான். அவன் வருத்தம் இப்போதே, உடம்பிலேயே இருக்கிறது. இரண்டுமே பெரிய கவிதைகள்தான். ஆனால் கிளைப் பாதையில் நிற்கும் கவிதையை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு, நடுவழியில் நிற்கும் கவிதை தங்கள் மொழியிலேயே இருப்பது தெரிய வேண்டும். வாழ்க்கையில் நடுவழியில் நின்று திணறும் நாட்கள்தான் அதிகம் வரும். கிளைப் பாதையில் நிற்கிற நாள் அபூர்வம்.

இதில் நெஞ்சைத் தொடும் ஓர் ஒற்றுமையும் உண்டு. ஃப்ராஸ்ட்டின் கவிதை 'அட்லாண்டிக்' மாத இதழில் வெளியானது 1915 ஆகஸ்டில். பல நூற்றாண்டுகளாக ஓலையில் மட்டும் இருந்த நற்றிணை, உரையோடு முதன்முதலாக அச்சேறி வெளிவந்ததும் அதே 1915இல்தான். அதைச் செய்தவர் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர். கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். நானூறு பாட்டுகள் கொண்ட தொகையில் 234ஆம் பாட்டு முழுவதும் கிடைக்கவில்லை, 385இன் பின்பகுதி இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாக உரை எழுதினார். பாட்டில் எந்தச் சொல் எங்கே பிரிகிறது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் ஏடுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டிய வேலை. இன்று நாம் நற்றிணையை எந்தப் பதிப்பில் படித்தாலும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம்.

அந்த நூல் வெளிவந்தபோது அவர் இல்லை. 1914இல் காலமாகிவிட்டார். எடுத்த வேலையை முடித்துவிட்டார், முடித்த வேலையின் பலனை மட்டும் கண்ணால் பார்க்கவில்லை. அவர் 284ஆம் பாட்டுக்கு உரை எழுதிய பொழுதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சம்பளமில்லாத இந்தப் பெரிய வேலைக்கு முன் உட்கார்ந்து, வேலையைப் பாதியில் விடாதே என்று சொல்லும் அறிவின் குரலுக்கும், வருந்திய உடம்பின் கேள்விக்கும் அவர் தன் கையாலேயே பொருள் எழுதியிருக்கிறார்.

பாட்டு யார் பக்கம் என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. அறிவுக்குக் காரணங்கள் இருப்பதால் அதன் பக்கம் என்று சிலர் சொல்லலாம். அவளுடைய கூந்தலோடும் ஈரக் கண்களோடும் பாட்டு தொடங்குவதால் நெஞ்சத்தின் பக்கம் என்று வேறு சிலர் சொல்லலாம். இரண்டுமே கவிஞரின் அளவுகோலுக்கு ஒத்துவராது. நாலுக்கு நாலு என்று அளந்தவர் அவர். அவர் நிற்பது கயிற்றின் பக்கம். அதனால்தான் கடைசி அடியைத் தீர்ப்பாக எழுதாமல் கேள்வியாக எழுதினார்; அந்தக் கேள்வியை யானைகளிடமும் கேட்கவில்லை.

இப்படி நடுவழியில் நிற்கும் யாராவது உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அயல்நாட்டு வேலையில் இருக்கும் அண்ணன், படிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு தவிக்கும் தங்கை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டு ஒவ்வொரு திங்களும் வேலைக்குப் போகிற நண்பர். அவர்களிடம் அடுத்த முறை பேசும்போது, வா என்றோ இரு என்றோ சொல்வதற்கு முன்னால், தூக்கம் வருகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். பிறகு நூலகத்திலோ வீட்டிலோ நற்றிணை இருந்தால் 284ஆம் பாட்டைப் பிரித்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. சங்கத் தொகைகளில் தேய்புரிப் பழங்கயிற்றினார் பெயரில் இருப்பது அந்த ஒரே பாட்டுதான்.